நாள் தள்ளிப்போனதை அவள் யாரிடம் சொல்வாள்?

மலையடிவாரம் | தருமபுரி மாவட்டம்

வணக்கம். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊரில் நர்சம்மா. வேலைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "வயித்துல கட்டி மாதிரி தட்டுப்படுது நர்சம்மா, நீங்களே தொட்டுப் பாருங்க." வெயில் மண்டையைப் பிளக்கிறது, அந்தப் பிள்ளை துப்பட்டாவை ரெண்டு மடிப்பாகப் போர்த்தியிருந்தாள். பதினோராம் வகுப்பு. படுக்கவைத்து டேப்பால் அளந்தேன், 28 சென்டிமீட்டர். துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்ததும் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். அவள் கேட்டாள்: "அக்கா, அது என் நெஞ்சா துடிக்குது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவளுடைய அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை நுனியை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

ஏழு மாதம். முதல் தடவை நாள் தள்ளிப்போனபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஏன் பாப்பா யார்கிட்டயும் சொல்லல என்று கேட்டேன். "சொன்னா போலீஸ் வரும், அவனைப் புடிச்சிருவாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

நான் வைத்திருக்கும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் கல்யாணமானவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். இவள் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு இந்த வருடம் மூன்று தடவை போயிருக்கிறேன், அவள் அண்ணிக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க. இவளிடம் "நல்லா படிக்கிறியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தேசிய குடும்ப நல ஆய்வில் ஒரு கணக்கு உண்டு. 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது. 2015-16-ல் தமிழ்நாட்டில் 5.0 சதவீதம், 2019-21-ல் 6.3. இதே காலத்தில் இந்தியா 7.9-லிருந்து 6.8-க்கு இறங்கியிருக்கிறது. நாடு இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம். உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தெற்குவீதி

சகோதரி, படிக்கவே நெஞ்சு பதறுகிறது. என் கருத்து ஒன்றுதான். செல்போன். ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம், திரும்ப வாங்க முடியவில்லை. என் பேத்திக்குப் பதினைந்து வயது. ராத்திரி பதினொரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. போனைப் பிடுங்கினாலே பாதி சரியாகிவிடும்.

கணக்குவாத்தியார் | திருவண்ணாமலை

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் எண்களைப் பார்த்தால் வேறு கதையும் தெரிகிறது. 2005-06-ல் யார் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது? அந்த ஆய்வில் இந்தியா முழுக்க 16 சதவீதம். அன்றைக்குப் பெரும்பாலும் கல்யாணம் செய்து வைத்ததால் வந்த கர்ப்பம். 2019-21 ஆய்வில் அதிகம் இருந்த இடம் திரிபுரா, 21.9 சதவீதம். மேற்கு வங்கத்தில் 16.4. அங்கெல்லாம் சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் ஊன்றி நிற்கிறது.

அந்த ஆய்வில் நம் மாநிலத்தில் 20-24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள் 12.8 சதவீதம். எட்டில் ஒருத்தி. படித்த மாநிலம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஊரடங்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் நான் பார்த்தது வேறு பக்கம். 2021-ல் பள்ளி திறந்தபோது என் பத்தாம் வகுப்பில் நாலு பெண்கள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒருத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு. "வேலையும் இல்ல, ஸ்கூலும் இல்ல, வயசுப் பொண்ண வீட்ல வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு சார் காவல் காக்கறது" என்றார் அவள் அப்பா. அவரும் கெட்ட மனிதர் இல்லை. திருப்பூரில் வேலை போய், கடன் வாங்கி ஊர் திரும்பியவர்.

படிப்பு நின்றால்தான் மற்றது எல்லாம் ஆரம்பிக்கிறது. அதே ஆய்வில் பள்ளிக்கே போகாத பெண்களில் 18 சதவீதம் பேர் பதின்வயதில் கர்ப்பமாகியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்களில் 4 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்த பிறகு "ப்ளஸ் டூ முடிக்கட்டும்" என்று சொல்லும் அப்பாக்களை நான் பார்க்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது.

மகப்பேறு_மருத்துவர் | கொங்கு

சிஸ்டர், அந்தப் பெண்ணுக்கு இப்போது ஹீமோகுளோபின் எவ்வளவு? முதலில் அதைப் பாருங்கள். 2019-21 ஆய்வின்படி இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள், பாதிப் பிள்ளைகள் குமட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறார்கள். அந்த உடம்பில் ஒரு கர்ப்பம் என்றால் யோசித்துப் பாருங்கள். இந்த வயதில் பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வருவது அதிகம், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை அதிகம். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். ஏழு மாதம் வரை ஒரு பரிசோதனையும் நடக்காத கர்ப்பம் இது.

நேரத்தில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன், இந்த இழையைப் படிக்கும் பெற்றோருக்காக. ஒன்பது வாரத்துக்குள் என்றால் மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையிலேயே முடிந்துவிடும். இருபது வாரம் வரை ஒரு மருத்துவர் முடிவு செய்யலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணுக்கு இருபத்து நான்கு வாரம் வரை அனுமதி உண்டு, இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் நீதிமன்றம்தான்.

சட்டத்தில் இவ்வளவு இடம் இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிற பெண்களில் பலர் இருபது வாரத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். வருவதற்கு முன் யாரோ கொடுத்த மாத்திரை, பப்பாளிக்காய், எள்ளுருண்டை, நாட்டு மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண் ரத்தம் போய்ப் போய் வெளுத்து, நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினோம். அவள் அம்மா ரிசப்ஷனில் சொன்ன வயது 21. ஆதாரில் 16.

இரண்டு_பெண்களின்_அம்மா

அந்தப் பிள்ளை போலீஸ் பயத்தில்தான் சொல்லவில்லை என்கிறீர்கள். போலீசுக்குச் சொல்லவே கூடாதா? எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தையைச் சொந்தச் சித்தப்பாவே கெடுத்தான். நர்ஸ் ஒருத்தர் தைரியமாகத் தகவல் சொன்னதால்தான் அவன் ஜெயிலுக்குப் போனான். இல்லாவிட்டால் குடும்ப மானம் என்று மூடியிருப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை வந்தால் "காதல்" என்று பெரியவர்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்கிற விதத்தில் கேட்டால்தான் உண்மை வரும்.

மலையடிவாரம்

அம்மா, நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். தனியாக உட்காரவைத்து, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டேன். இருபது வயதுப் பையன், கல் குவாரி லாரியில் கிளீனர். மிரட்டல் எதுவும் இல்லை என்று மூன்று தடவை வேறு வேறு விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தகவலும் கொடுத்துவிட்டேன், வேறு வழி இல்லை. அதில் எனக்குத் தயக்கமும் இல்லை. என் வேதனை வேறு. அவள் இரண்டாம் மாதமே வந்திருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை.

டாக்டர், ஹெச்.பி. 7.8. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பி இரும்புச்சத்து ஊசி தொடங்கியாகிவிட்டது. அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி நம்பரும் போட்டாகிவிட்டது.

வைகைக்கரை_வக்கீல்

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சம்மத வயது பதினாறு, அதற்குப் பின் பதினெட்டு. 19-ஆம் பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்த யாரும் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. மருத்துவமனை போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. சிஸ்டர் செய்தது சரி.

இந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த அம்மா சொன்ன சித்தப்பா இன்றைக்கும் அதே தெருவில் நடமாடிக்கொண்டிருப்பான். அதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் பதினேழரை வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிப் பழகி, அவள் கர்ப்பமாகிவிட்டால் என்ன? கர்ப்பமாக்கியது என்ற ஒன்றே அதைக் கடுமையான பிரிவுக்குள் கொண்டுபோய்விடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை இருபது ஆண்டு. நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. தாலி கட்டிவிட்டேன் என்பதும் தப்பிக்க உதவாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள மனைவியோடு உறவும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. இதைத் தெரியாமல் "பேசாம கட்டி வச்சுருங்க" என்று பஞ்சாயத்து பேசி, பிரசவத்துக்குப் போன இடத்தில் மருமகனை வேனில் ஏற்றிக்கொண்டு போவதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலில் சிக்கும் பிள்ளைகளைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி., இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023-ல் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில் வயதைப் பதினாறாகக் குறைக்க வேண்டாம் என்றது, ஆனால் 16-18 வயதில் சம்மதம் இருந்ததாகத் தெரியும் வழக்குகளில் தண்டனை விஷயத்தில் நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது.

இனி நான் சொல்வதை ஒவ்வொரு நர்சும் டாக்டரும் பிரின்ட் எடுத்து ஒட்டிவைக்க வேண்டும். 2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது: கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட வேண்டியதில்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. பெயர் வெளியே வராமல் சிகிச்சை பெற வழி இருக்கிறது. இது மலையடிவாரத்துப் பெண்ணுக்கு மட்டுமல்ல, பல மருத்துவமனைகளுக்கே இன்னும் போய்ச் சேரவில்லை.

சிஸ்டர், குழந்தை பிறந்த பிறகு அவர்களால் வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. யாரோ பிள்ளையில்லாதவர்கள் கேட்டார்கள் என்று கைமாற்றிவிட வேண்டாம், அது தனிக் குற்றம்.

மருந்துக்கடை_ராசு

நானும் ஒண்ணு சொல்லணும். கடை வச்சு இருபத்தி ரெண்டு வருஷம். உறவுக்கு அப்புறம் எழுபத்தி ரெண்டு மணி நேரத்துக்குள்ள போடற அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கே, அதுக்கு மருந்துச் சீட்டே தேவையில்ல. மத்த மாநிலத்துல கடையில கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. நம்ம ஊர்ல முக்காவாசிக் கடையில இருக்காது. விக்கக் கூடாதுன்னு ஒரு எழுத்து ஆணையும் என் கண்ணுல பட்டதில்ல. யாரும் வைக்கல, நாமளும் வைக்க வேணாம்னு ஒரு பயம்.

அது கருவைக் கலைக்கற மாத்திரை இல்ல, கரு உண்டாகாம தடுக்கற மாத்திரை. இந்த வித்தியாசம் கடைக்காரங்க பல பேருக்கே தெரியாது. தடுக்கறத வைக்காம விட்டுட்டோம். கலைக்கற மாத்திரைய டாக்டர் சீட்டு இல்லாம பக்கத்து டவுன்ல போய் மூணு பங்கு விலைக்கு வாங்கிட்டு வர்றாங்க. டாக்டரம்மா சொன்ன ரத்தப்போக்கு அதுலதான்.

போன மாசம் ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழட்டாம நின்னு, கூட்டம் போற வரைக்கும் காத்திருந்து ஆணுறை கேட்டான். குடுத்தேன். பக்கத்துல இருந்த பெரியவர் "இந்த வயசுல இதெல்லாமா"ன்னார். அந்தப் பையன் மறுபடி என் கடைக்கு வரவே இல்ல.

வன்னிப்_பெட்டை | முல்லைத்தீவு

நான் இஞ்ச குடும்பநல உத்தியோகத்தரா இருக்கிறன். வாசிக்கேக்க எங்கட கதை மாதிரியே கிடக்கு. எங்கட சட்டம் கொஞ்சம் வேற. சம்மத வயசு பதினாறு, கலியாணத்துக்குப் பதினெட்டு. ரெண்டுக்கும் இடையில நிக்கிற பிள்ளையள் பதிவில்லாமல் சேர்ந்து இருக்குதுகள், பிறகு பிள்ளையின்ர பிறப்புப் பதிவில தகப்பன் பேர் போடுறதுக்கு அலையுதுகள். கருக்கலைப்பு எண்டால் தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான், 1883-ம் ஆண்டுச் சட்டம் இண்டைக்கும் அப்பிடியே இருக்கு. உங்கட டொக்டர் சொன்ன ஒன்பது வாரம், இருபது வாரம் எல்லாம் எங்களுக்கு இல்லை.

கடைசி யுத்த நேரம் இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போடுவினம் எண்டு பதினாறு, பதினேழு வயசிலயே பிள்ளையளுக்குக் கலியாணம் கட்டி வச்சவை. அந்தப் பிள்ளையள் இப்ப முப்பது தாண்டின அம்மாமார். அவையின்ர பிள்ளையளைத்தான் இப்ப நான் கிளினிக்கில பாக்கிறன். அக்கா, நீங்கள் பதிவேட்டைப் பற்றி எழுதினது என்னைச் சுட்டுது. எங்கட பதிவும் தகுதியான குடும்பம் எண்டுதான் தொடங்குது.

பெயர்_வேண்டாம்

இங்கே கணக்கு தொடங்கி ரெண்டு வருடம் ஆகிறது. முதல் தடவை எழுதுகிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் இது நடந்தது. இப்போது இருபத்தொன்பது. நாள் தள்ளிப்போனதும் நான் செய்த முதல் வேலை, மாதாமாதம் அம்மா வாங்கி வைக்கும் நாப்கினை எண்ணி எடுத்துப் பேப்பரில் சுற்றிப் பள்ளிக்குப் போகும் வழியில் கிணற்றில் போட்டதுதான். அம்மா பாக்கெட்டைப் பார்த்துக் கணக்கு வைப்பாள். நாலு மாதம் அப்படிச் செய்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். பயாலஜி மிஸ்ஸிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை ஸ்டாஃப் ரூம் வாசல் வரை போனேன். அந்தப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிப் போனவர் அவர். எப்படிச் சொல்வது?

அத்தைதான் கண்டுபிடித்தார். திட்டவில்லை. "சாப்ட்டியாடி" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் அழுத அழுகை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒருவர், பதவி சொல்ல மாட்டேன், வார்டில் எல்லோர் முன்னாலும் சத்தமாக என் வயதைக் கேட்டார், பதில் சொன்னதும் இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். வலியைவிட அதுதான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குழந்தை தங்கவில்லை. மறு வருடம் தனித்தேர்வராகப் ப்ளஸ் டூ எழுதினேன், பிறகு டிகிரி. இப்போது வேலையில் இருக்கிறேன். கல்யாணமாகிவிட்டது, அவருக்கு எல்லாம் தெரியும். நர்சம்மா, அந்தப் பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. வாங்கவிடாதீர்கள்.

மலையடிவாரம்

தங்கச்சி, இன்று மாலையே அவள் வீட்டுக்குப் போகிறேன். டி.சி. விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. நன்றிம்மா.

தெற்குவீதி

அந்தப் பெண்ணின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பேத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றால் உள்ளே யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் போனைப் பற்றி எழுதியதை அழிக்கவில்லை, கவலை கவலைதான். ஆனால் பிடுங்கினால் போதும் என்றேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பரோட்டா_மாஸ்டர்_மகன்

பையன்களைப் பற்றி யாருமே எழுதவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. பதினாலு வயதில் தூக்கத்தில் விந்து வெளியேறியபோது எனக்கு ஏதோ நோய் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் என் பாடப்புத்தகம். "நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறு", மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாம். அப்பா கல்லாவில் இருந்து 2,500 ரூபாய் திருடி லேகியம் வாங்கித் தின்றேன். கல்லூரியில் ஒரு டாக்டர் வந்து பேசியபோதுதான் அது எல்லாருக்கும் நடப்பது என்று தெரிந்தது. நாலு வருடம் செத்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன்.

எங்களுக்கும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அந்தக் கிளீனர் பையனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆணுறை பற்றியும் சரி, வக்கீல் சார் சொன்ன இருபது ஆண்டு பற்றியும் சரி.

மகப்பேறு_மருத்துவர்

தம்பி, எழுதியதற்கு நன்றி. 2014-லிருந்து அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கென்று தனி ஆலோசனை மையம் இருக்கிறது, 10 முதல் 19 வயது வரை, ஆண் பெண் இருவருக்கும். பல இடங்களில் அது மகப்பேறு ஓ.பி.க்குப் பக்கத்து அறை. அந்த வரிசையில் எந்தப் பையன் வந்து நிற்பான்? பெண்களும் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாம் போனால்தான் உண்டு.

கணக்குவாத்தியார்

டாக்டர் சொன்னதை இங்கே சின்னதாகச் செய்து பார்த்தோம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வராந்தாவில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. பெயர் எழுத வேண்டாம், உடம்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். தலைமையாசிரியர் முதலில் தயங்கினார், பிறகு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சம்மதித்தார். முதல் வாரம் சாக்லேட் காகிதம்தான் விழுந்தது. மூன்றாம் வாரம் 41 சீட்டு.

"முத்தம் கொடுத்தா குழந்தை உண்டாகுமா?" "வெள்ளைப்படுதல் எலும்பை உருக்குமா?" "ரெண்டு மாசமா வரல, எனக்கு ரத்தம் கம்மியா?" "மாமா தொடறது புடிக்கல, யாருகிட்ட சொல்லணும்?"

கடைசிச் சீட்டுக்கு அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தோம். கையெழுத்தை வைத்துத் தேட வேண்டாம், எல்லா வகுப்பிலும் அந்த எண்ணைப் பலகையில் எழுதி, பேசினால் என்ன நடக்கும் என்று விளக்குங்கள் என்றார்கள். நாலாவது நாள் அந்தப் பிள்ளையே ஒரு மிஸ்ஸிடம் வந்துவிட்டாள்.

"ரெண்டு மாசமா வரல" சீட்டு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் பெண்களிடம் இதைப் பேசத் தைரியமான டீச்சர் ஒருவர்தான், அவரும் பேறுகால விடுப்பில். நான் கணக்கு வாத்தியார், என்னிடம் வர மாட்டார்கள். சிஸ்டர், உங்கள் மாவட்டம் எங்களுக்கு அடுத்ததுதான். ஒரு நாள் வர முடியுமா?

மலையடிவாரம்

சார், புதன்கிழமை தடுப்பூசி நாள், நகர முடியாது. வியாழன் மெடிக்கல் ஆபீசரிடம் அனுமதி வாங்கிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். பெண்களுக்குத் தனி வகுப்பறை, கதவு சாத்துகிற மாதிரி. பையன்களுக்கு எங்கள் ஆண் சுகாதார ஆய்வாளரைக் கூட்டி வருகிறேன், நன்றாகப் பேசுவார். பேசி முடித்த பிறகு ஒரு மணி நேரம் நான் தனியாக ஏதாவது ஒரு அறையில் உட்கார்ந்திருப்பேன். ரத்த அளவு பார்க்கிறார்கள் என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருத்தியாக உள்ளே அனுப்புங்கள், ஒருத்தியையும் விடாமல். அப்போதுதான் அந்தச் சீட்டு எழுதியவள் மட்டும் தனியாகத் தெரிய மாட்டாள். யூரின் டெஸ்ட் கார்டு பையில் இருக்கும்.

இங்கே அந்தப் பெண்ணுக்கு நேற்று ஹெச்.பி. 9.1. ஹெட்மிஸ்ட்ரெஸ்ஸைப் பார்த்துப் பேசிவிட்டேன், பெயர் பட்டியலில் இருக்கும். கெமிஸ்ட்ரி கைடு வேண்டும் என்று கேட்டாள். தருமபுரியில் வாங்கிக்கொண்டு போகிறேன்.